பாழடைந்த பரம்பரை வீட்டை விற்குமுன்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பெற்றோர் விட்டுச்சென்ற பழைய வீட்டை விற்க நினைப்பவர்கள், ஒழுகும் ஓட்டுக்கூரையையும் கறையான் அரித்த கைமரங்களையும் கண்டதும் மேசனைத் தேடுவது வழக்கம். பெரும்பாலும் அது வீண் செலவு. கொழும்பில் இத்தகைய வீட்டின் விலை காணியின் பேர்ச் (நில அளவை அலகு) கணக்கில்தான் பேசப்படுகிறது. வாங்குபவர் பலவேளைகளில் கட்டடத்தை இடிக்கும் எண்ணத்துடனேயே வருவார்.

அந்தப் பணத்தை ஆவணங்களுக்குச் செலவிடுவதே மேல். காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இன்னமும் இறந்தவரின் பெயரில் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு உரித்தாக்கும் வழக்கு, தேவையா என்பதை உறுதி எழுதும் நொத்தாரிசிடம் முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பிரான்சிலோ ஜேர்மனியிலோ வசிக்கும் உடன்பிறப்புகள் தம் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரமளிக்கும் அற்றோணித் தத்துவத்தை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். பங்காளி ஒருவர் கையெழுத்திட மறுத்தால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர வழியுண்டு. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுபடக்கூடியது என்பதால், அவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து இணக்கத்துக்கு வருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மாநகர சபைக்குரிய சோலைவரி (ஆதன வரி) நிலுவையைச் செலுத்தி, வீதி விரிவாக்க எல்லை காணியைத் தொடுகிறதா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் பெற்றுவையுங்கள்.

வீடு பூட்டிக் கிடக்கும் காலத்தில் கூரைப் பீலியில் தேங்கும் நீரை அகற்றத் தவறாதீர்கள்; நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உரிமையாளர்மீது வழக்குத் தொடரலாம்.