பழைய காலத்துக் கிராமத்துக் கொலை நாவல் எழுதுறது எப்படி, திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தை வச்சுப் பாப்பம்

முதல்ல வருசத்தை முடிவெடுங்கோ, ஆர் சாகிறது எண்டத பிறகு பாக்கலாம். வருசம் மாறினா விசாரிக்க வாற ஆளே மாறிடும். 1963க்கு முந்தின கதையெண்டா ஊருக்குள்ள விதானையார் எண்ட ஊர்த்தலைவர் தான் எல்லாம், அதுக்குள்ள அவருக்குப் பிறகு வந்த கிராம சேவகரைக் கொண்டு வந்து நிப்பாட்டினா எங்கட ஊர்ப் பெரிசுகள் அதோட புத்தகத்தை மூடி வச்சிடுங்கள்.

என்னைக் கேட்டா 1942ஐ எடுங்கோ. ஏப்ரல் 9 காலமை ஜப்பான்காரன் வந்து திருகோணமலைத் துறைமுகத்துக்கும் சீனன்குடா விமானத்தளத்துக்கும் குண்டு போட, டவுண் சனம் பிள்ளைகுட்டியோட ஓடுது, பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேற எதையும் பாக்க நேரமில்ல. அண்டைக்குத் தம்பலகாமத்து வயலுக்க ஒரு வெடிச்சத்தம் கேட்டா ஆர் கணக்கெடுக்கப் போறான்?

ஆயுதத்துக்கு கத்தி, நஞ்செண்டு அலையாதீங்கோ, கட்டுத்துவக்கு இருக்கு. பன்றி வாற தடத்தில கம்பு நட்டு, துவக்கை அதில படுக்க வச்சுக் கட்டி, விசையில இருந்து ஒரு நூலைக் குறுக்கால இழுத்துவிடுறது, பன்றி முட்டினா வெடிக்கும், ஆள் முட்டினாலும் வெடிக்கும். ஊர்ச்சனம் "பாவம், இருட்டில தெரியாமப் போய்ட்டான்" எண்டு சொல்லிட்டுக் காரியத்தைப் பாக்கும். இனித்தான் உங்கட துப்பு. பன்றிக்குக் கட்டினா முழங்கால் உயரம், இவனுக்குக் காயம் நெஞ்சில. கம்பில ரெண்டு கயித்துத் தடம், கீழ இருக்கிறது பழசு, மேல இருக்கிறது பட்டை உரிஞ்சு பச்சையாக் கிடக்கு. இத உடன விளக்கிப் போடாதீங்கோ, செத்தவீட்டில ஒரு கிழவன் கையால உயரம் காட்டிட்டு வெத்திலை மடிக்கப் போறமாதிரி வச்சிட்டு விட்டிடுங்கோ, வாசிக்கிறவன் பிடிச்சா பிடிக்கட்டும்.

ஏன் கொன்றான் எண்டதுக்கு சும்மா "காணிச் சண்டை" போதாது. ஏப்ரலெண்டா சிறுபோக நெல்லு விதைப்புத் தொடங்கிற நேரம், கந்தளாய்க் குளத்துத் தண்ணியை முறை பிரிக்கிறது வட்டவிதானை, ராவில ஒருத்தன் மடையைத் திறப்பான் மற்றவன் அடைப்பான், அது அப்பன் காலத்துப் பகை. அதுக்கு மேல ஊருக்குள்ள ஆதிகோணநாயகர் கோயில்! ஆருக்கு என்ன தொழும்பு, அதாவது கோயில் ஊழியமெண்டு கோணேசர் கல்வெட்டு எண்ட பழைய நூலிலயே இருக்கு, காளாஞ்சி எண்ட கோயில் மரியாதை வாங்கிற வரிசையில ஒருத்தனைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கோ, நாவல் தானா ஓடும்.

கோட்டுக் காட்சி எனக்கு அலுப்பு, சுருக்கமா முடியுங்கோ. 1883ம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தான், 294 கொலை எது எண்டு சொல்லும், 296 தூக்கு. அப்ப வழக்கு நடந்தது இங்கிலீசில, சாட்சி சொல்றத கோட்டு மொழிபெயர்ப்பாளர் முதலியார் மாத்திச் சொல்லுவார்.

தகவலுக்கு கொழும்பில சுவடிகள் திணைக்களம் இருக்கு, அந்தக் காலத்து அரசாங்க ஏஜண்டுமாரின்ட அறிக்கைகள், டயரிகளில மழை, குளம், காய்ச்சல் எல்லாம் கிடக்கும். உண்மையா நடந்த கொலையை எடுக்கிறதெண்டா பேர், வீடு, வயல் மூண்டையும் மாத்துங்கோ, அவங்கட பேரப்பிள்ளையள் இன்னும் அங்க தான் வேளாண்மை செய்யினம்.