வரப்பு ஒழுகாமல் வைத்துக்கொள்வது எப்படி? குறுவைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

குறுவை நெல் சாகுபடிக்கு மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்குமா, தள்ளிப்போகுமா என்று காவிரி டெல்டா முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் நாட்களில் வரப்பைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை. அணையில் 120 அடி நின்றும் என்ன பயன், முறை வைத்து வந்த தண்ணீர் நம் வயலில் ஓர் இரவுகூடத் தங்காமல் வடிகாலுக்குப் போய்விட்டால்? பூர்வீக நிலம் மூன்று மாவோ ஐந்து மாவோ கைக்கு வந்து, குத்தகைக்கு விடாமல் தானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆள் வைத்துச் செய்தாலும், என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். நம் பக்கத்து மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். அதில் தண்ணீர் ஒரே ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 13,000 லிட்டர் போய்விட்டது. யூரியா போட்ட மறுநாள் இது நடந்தால் உரமும் சேர்ந்துதான் போகிறது. போர்வெல் வைத்திருப்பவர்கள் மோட்டாரைப் போட்டு ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஒழுகும் வயலுக்கு எவ்வளவு இறைத்தாலும் பக்கத்து வடிகாலுக்குத்தான் லாபம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கூர்மையான மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், இரண்டு மண்கூடை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை. பூட்ஸை வீண் செலவு என்று ஒதுக்காதீர்கள். எலி வளையில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் சர்வ சாதாரணமாகத் தங்கும். எந்தப் பொந்திலும் கையை விடக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தண்ணீர் வருவதற்கு முன்: காய்ந்த வரப்பில் ஒரு நடை

மே மாதக் கடைசியில், காலை வெயில் ஏறுவதற்கு முன், வயலைச் சுற்றி மெதுவாக ஒரு நடை போங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: வெடிப்பு, எலி வளை, நண்டு வளை.

கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வயலுக்குள் இருக்கும் வெடிப்பு உழவில் அடைபட்டுவிடும். வரப்பில் இருக்கும் வெடிப்பை நாம்தான் அடைக்க வேண்டும். கட்டியாக மண்ணைப் போட்டு மூடினால் மேலே மட்டும் அடைத்துக்கொள்ளும், உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். அதனால் பொடி மண்ணை விட்டுக் கடப்பாரையால் மெல்லக் குத்திக் குத்தி இறக்குங்கள். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் நிலம் உள்ளவர்களுக்கு வேறு பிரச்சினை. அங்கே மணல் கலந்த செம்மண். வெடிக்காது, ஆனால் கசியும். ஏரியிலோ குளத்திலோ அனுமதியோடு எடுத்த களி வண்டல் ஒரு டிராக்டர் கிடைத்தால், அதை வயலில் இறைக்காமல் வரப்பின் உட்பக்கத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

எலிக்கு வருவோம். டெல்டாவில் வரப்பை நாசம் செய்வதில் மழைக்கு அடுத்த இடம் எலிக்குத்தான். அகலமான, உயரமான வரப்பு என்றால் அதற்குக் கொண்டாட்டம். உள்வரப்புக்கு 45 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் போதும். அந்த அளவில் எலியால் வசதியாகக் குடும்பம் நடத்த முடியாது. வளையில் எலி இருக்கிறதா என்று அறிய, மாலையில் எல்லா வாய்களையும் ஈர மண்ணால் மூடிவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். திறந்திருப்பதில் எலி இருக்கிறது. அந்த வளையைக் கடைசி அறை வரை தோண்ட வேண்டும். வாசலை மட்டும் அடைத்தால், இலேசாக மண் மூடி வைத்திருக்கும் இன்னொரு வாசல் வழியாக அது போய்விடும். தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காக மண் போட்டு மிதித்து மூடுங்கள்.

எலி பிடிப்பதற்கு மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி என்ற பொறிக்கு இணை இன்றும் இல்லை. கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். மாலையில் வைத்துக் காலையில் எடுத்துவிடுவார்கள். தனி ஒருவர் வயலில் பிடிப்பதால் பயனில்லை, பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிர் வளர்ந்து கதிர் வைத்த பிறகு எலியை விரட்டப் பார்ப்பது வீண் வேலை; கோடைதான் காலம். எலிக்காக வயலைச் சுற்றி மின்கம்பி கட்டும் பழக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: அது சட்டவிரோதம், செத்துப்போவது மனிதர்கள்.

நண்டு வளையைக் கண்டுபிடிப்பது எளிது. வாயைச் சுற்றி உருண்டை உருண்டையாக மண் குவிந்திருக்கும். வளை சரிவாகக் கீழே இறங்கும். கெட்டிக் களிமண்ணை உருட்டி உள்ளே திணித்துக் கம்பால் இடித்தால் போதும்.

ஒழுகும் ஓட்டையில் வைக்கோலைத் திணிப்பதும், தேங்காய் மட்டையைச் செருகுவதும் ஊரெல்லாம் உண்டு. அந்த ஒரு வாரத்துக்கு நிற்கும். பிறகு மட்கும், மட்கிய இடம் முன்னைவிடப் பெரிய ஓட்டையாகும். மண் வேலைக்கு மண்தான்.

தண்ணீர் வந்த பிறகு: அண்டை வெட்டி, சேறு பூசுவது

இதுதான் முக்கியமான வேலை, இதில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். வயலில் தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு முதல் உழவு முடியட்டும். பிறகு வரப்பின் பக்கவாட்டை மேலிருந்து கீழாக, இரண்டு விரல் கனத்துக்குச் சீவுங்கள். அண்டை வெட்டுவது என்பது இதுதான். புல்லும் வேருமாக வரும் அந்தச் சீவலை வயலுக்குள்ளேயே தள்ளிவிட்டால் அடுத்த உழவில் சேற்றில் அமிழ்ந்து மட்கிவிடும். புல்லைச் சீவாமல் அதன்மேலேயே சேறு பூசினால் ஒட்டாது. ஒரு மழைக்கு மொத்தமாக உரிந்து விழும். மேல்மட்டத்துப் புல்லை மட்டும் விட்டுவையுங்கள், அதன் வேர்தான் வரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது ஆள் கூலிக்குப் பயந்து வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். வேர் செத்த வரப்பு ஐப்பசி மழையில் கரைந்து வயலில் கிடக்கும்.

பொது வரப்பாக இருந்தால் சீவுவதற்கு முன் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "மாமா, நாளைக்கு அண்டை வெட்டப்போகிறேன், நீங்களும் வந்து நில்லுங்கள்" என்று கூப்பிட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு விரல் சீவிப் பூசாமல் விட்டால் பத்து ஆண்டில் வரப்பே இடம் மாறிவிடும். டெல்டாவில் எத்தனையோ வழக்குகளின் தொடக்கம் இதுதான்.

சேறு பூசுவது கடைசிச் சேற்றுழவை ஒட்டி. சேறு அடை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும்: மண்வெட்டியில் அள்ளினால் வழியக் கூடாது, வரப்பில் அறைந்தால் பரவி ஒட்ட வேண்டும். வரப்பின் காலடியிலேயே அள்ளினால் அங்கே பள்ளம் விழுந்து வரப்பு சரியும், அதனால் ஓர் அடி தள்ளி அள்ளுங்கள். அள்ளியதை ஓங்கி அறைந்து, காலால் மிதித்து அழுத்தி, மண்வெட்டியின் முதுகால் கீழிருந்து மேலாக நீவிவிடுங்கள். நீவும்போது சேற்றின் மேல் மெல்லிய நீர்ப் படலம் பளபளவென்று வரும். அது வந்தால் உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் மண் இறுகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அடிப்பாகம் கொஞ்சம் அகலமாகவும் மேலே குறுகியும் சரிவாக இருக்கட்டும். ஒரே நாளில் தடிமனாகப் பூசாமல், முதல் பூச்சு இறுகிய பிறகு இரண்டாவது பூச்சு போடுங்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் கழித்துத்தான் தண்ணீரை ஏற்ற வேண்டும்.

மூலைகளில் டிராக்டர் திரும்பாது. உழவு படாத அந்த மண் இறுகாமல் புல்லோடு கிடக்கும், ஒழுகலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மூலையை மண்வெட்டியால் கொத்தி, மிதித்து, சேறாக்கிய பிறகே பூசுங்கள். டிராக்டர் ஏறி இறங்கிய இடத்தையும் அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள், பிறகு மறந்துபோகும்.

காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும். வயல் வேலைக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், சேற்றில் இறங்கிய விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒழுகுகிறதா? டப்பா சோதனை

அடிப்பாகத்தை வெட்டி எடுத்த பழைய பெயிண்ட் டப்பா ஒன்று போதும். அதை வயலின் நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குச் சேற்றில் அழுத்தி இறக்குங்கள். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மடைகளை மூடிவிட்டு மறுநாள் அதே நேரத்தில் இரண்டு மட்டத்தையும் அளந்து பாருங்கள். டப்பாவுக்குள் குறைந்தது வெயிலில் ஆவியானதும் கீழே மண்ணில் இறங்கியதும். வெளியே அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் அந்த வித்தியாசம் வரப்பு வழியாகப் போனது. களிமண் வயலில் டப்பாவுக்குள் ஒரு சென்டிமீட்டருக்குள் குறைவது வழக்கமானதுதான், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மழை பெய்த நாளில் இந்தச் சோதனை செல்லாது.

எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியவில்லையா? காற்று அசையாத நேரத்தில் வரப்பின் உட்பக்க ஓரமாகக் கொஞ்சம் தவிட்டைத் தூவுங்கள். ஓட்டை இருக்கும் பக்கமாகத் தவிடு மெல்ல நகரும், பெரிய ஓட்டையானால் சுழலும். வெளிப்பக்கத்தில் வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது, அன்றைக்கே கவனிக்க வேண்டும். தெளிவாகக் கசிந்தால் ஒரு நாள் தாமதிக்கலாம். எப்போதும் உட்பக்கத்தில் இருந்துதான் அடைக்க வேண்டும். வெளியே அடைத்தால் தண்ணீர் வரப்புக்குள்ளேயே தேங்கி வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும்.

மடை

தண்ணீர் நுழையும் மடையையும் வடியும் மடையையும் ஒவ்வொரு முறையும் வெட்டி வெட்டி மூடினால் அந்த இடம் எப்போதும் பலவீனமாகவே இருக்கும். வடியும் பக்கத்தில் நான்கு அங்குல பிவிசி குழாய் ஒன்றைப் பதித்து, வயல் பக்க முனையில் ஒரு வளைவுக் குழாயைப் பசை போடாமல் செருகிவிடுங்கள். வாயை மேல்நோக்கித் திருப்பினால் அந்த உயரம் வரை தண்ணீர் நிற்கும், பக்கவாட்டில் சாய்த்தால் வடியும். குழாயின் வழவழப்பான வெளிப்புறத்தை ஒட்டியே தண்ணீர் கசிந்து வரும் என்பதால், பதிப்பதற்கு முன் நடுப்பகுதியை ரம்பத்தால் கீறி, கம்பி சுற்றி, சிமெண்ட் கலவையால் தடித்த வளையம் ஒன்று பிடித்துவிடுங்கள். வெளியே தண்ணீர் விழும் இடத்தில் உடைந்த ஓடும் செங்கல்லும் போட்டால் மண் பறியாது.

வரப்பின் மேல் உளுந்து ஊன்றுவது நல்ல பழக்கம். பொறிவண்டும் சிலந்தியும் அதில் தங்கி நெல்லில் வரும் பூச்சியைத் தின்னும். வீட்டுக்கும் கொஞ்சம் உளுந்து கிடைக்கும்.

மழைக்காலத்தில் உடைந்தால்

வடகிழக்குப் பருவமழையில், சம்பா, தாளடி நெற்பயிர்கள் நிற்கும்போது, தண்ணீரைத் தேக்குவதைவிட வடிப்பதுதான் வேலை. பெருமழை வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே வடிமடையைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் தனக்குப் பிடித்த இடத்தில் உடைத்துக்கொள்ளும். வயலைத் திறந்தால் மட்டும் போதாது. வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டியிருந்தால் புரட்டாசிக்குள் ஆள் சேர்த்து அகற்றிவிட வேண்டும். காட்டாமணக்கின் துண்டு ஈர மண்ணில் விழுந்தாலே வேர் பிடிக்கும். அதனால் வெட்டிப் போடாமல் வேரோடு பிடுங்கி, மேட்டில் போட்டுக் காயவையுங்கள். ஆடு மேயும் இடத்தில் போடக் கூடாது. அதற்கு அது நஞ்சு.

உடைந்த இடத்தில் அப்படியே சேற்றைக் கொட்டினால் நிற்காது. உடைப்பின் இரு பக்கத்தையும் படிப்படியாக வெட்டிக்கொள்ளுங்கள். குறுக்கே இரண்டு வரிசை மூங்கில் முளை அடித்து, மண் நிரப்பிய சாக்குகளை அவற்றுக்கு இடையில் அடுக்கி, உட்பக்கத்தில் சேறு பூசுங்கள். அறுவடை முடிந்ததும் சாக்குகளை எடுத்துவிட்டு அந்த இடத்தை மண்ணால் நிரப்பி மிதிக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு மட்காது. அப்படியே விட்டால் அடுத்த கோடையில் அதன் ஓரமாகவே எலி குடிபுகும்.