கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் பிள்ளை பெற்றபின் நடக்கத் தொடங்குவது எப்படி

"பிள்ளை பிறந்ததும் சர்க்கரை தானாப் போயிடும்" என்பார்கள். பெரும்பாலும் போய்விடும்தான். இன்சுலினைத் தடுத்துக்கொண்டிருந்த ஹார்மோன்கள் நஞ்சுக்கொடியோடு போய்விடுவதால், எனக்கும் பிரசவம் முடிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்காவது அதிகம். உடம்பை அசைத்து, எடையையும் பார்த்துக்கொண்டால் அதைப் பெருமளவு குறைக்கலாம்.

நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். "ஒரு மணி நேரம் வாக்கிங் போக எங்கேக்கா நேரம்?" என்றுதான் என்னிடம் வருகிற புதுத் தாய்மார்கள் முதலில் கேட்பார்கள். நியாயம்தான். ராத்திரி முழுக்க விழித்தவளை விடியற்காலையில் ஷூ மாட்டச் சொல்வது அநியாயம். அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் பத்து நிமிடம் நடங்கள், மூன்று வேளையும். வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தாலே 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்ச அளவு அதுதான். சாப்பிட்டபின் நடப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வேலை செய்கிற தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நாலு இட்லி தின்றுவிட்டு அப்படியே சாய்ந்தால் ஏறுகிற அளவுக்கு, நடந்தால் ஏறாது.

எப்போது ஆரம்பிப்பது? சிக்கலில்லாத சுகப்பிரசவம் என்றால் சில நாளிலேயே மெதுவாக நடக்கலாம். சிசேரியன் என்றாலும் வீட்டுக்குள் நடக்கத் தடையில்லை; வேகநடைக்கு மட்டும் ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், ஈரத்துணி வாளி எல்லாம் வேறு யாராவது பார்க்கட்டும்.

"பச்சை உடம்பு, வெளியே காத்து படக்கூடாது" என்று அம்மாவோ மாமியாரோ தடுத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். வாசல் நிலையிலிருந்து கொல்லைப்புறக் கதவு வரை போய் வந்தாலும் நடைதான். பால் கொடுத்து, ஏப்பம் எடுக்க வைத்துக் குழந்தையை அவர்கள் மடியில் போட்டுவிட்டு நடங்கள். பேரப்பிள்ளை கையில் இருக்கும்போது எந்தப் பாட்டியும் வாயைத் திறக்க மாட்டார். பால் வற்றிவிடும் என்ற பயமும் வேண்டாம், அளவான உடற்பயிற்சியால் பால் குறையாது. கொடுத்துவிட்டு நடந்தால் மார்பில் கனம் இருக்காது, அவ்வளவுதான். பிரசவ லேகியத்தில் மட்டும் கவனம் வேண்டும்: கருப்பட்டியும் சர்க்கரைதான்.

கொஞ்சம் தேறியதும் மொட்டை மாடிக்குப் போகலாம். இடம் சின்னது என்றால் எட்டு போட்டு நடங்கள். நைட்டியோடு படியேறாதீர்கள். கையில் குழந்தையும் இருந்தால் நைட்டியின் விளிம்பு காலில் மாட்டுவது கண்ணுக்கே தெரியாது. சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வீட்டு வேலையே போதாதா என்பவர்களுக்கும் இதே கணக்குதான்: மூச்சு வாங்குகிற மாதிரி விடாமல் செய்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், நின்று நின்று காய் நறுக்குவது சேராது.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். பால் பொங்கும்வரை அடுப்படியில் நின்றபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சிறுநீரை அடக்குவது போல இடுப்படித் தசையை இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். சிறுநீர் போகும்போது இதைச் செய்து பார்க்கவும் வேண்டாம்.

வயிறு குறையணும் என்று படுத்து எழுகிற பயிற்சிக்குத்தான் எல்லோருக்கும் அவசரம். பொறுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நடுவயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை. அப்போது அந்தப் பயிற்சி வேண்டாம், ஒரு பிசியோவைப் பாருங்கள். துணி கட்டினால் தாங்கலாக இருக்கும், கொழுப்பு கரையாது.

ரத்தப்போக்கு கூடினாலோ தையல் வலித்தாலோ உடனே நிறுத்துங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இன்னும் இன்சுலின் போடுகிறவர்கள், நடக்கும்போது ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டால் வாயில் போட, கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு 45ஆம் நாள் ஊசி போடப் போவீர்கள் அல்லவா, அதையொட்டி உங்கள் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இரண்டாவது அளவு 140க்குக் கீழே என்றால் நல்லது. 140 முதல் 199 வரை என்றால் எல்லையில் இருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் 126, அல்லது இரண்டாவதில் 200 தொட்டால் டாக்டரை உடனே பாருங்கள். நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை பாருங்கள். அடுத்த பிள்ளைக்குத் திட்டம் என்றால் அதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் செக்கப்பிலேயே "போன தடவை சர்க்கரை இருந்தது" என்று சொல்லிவிடுங்கள்.