தண்ணீர் ஊற்றியே மரத்தைக் கொல்லலாம்: பாலைவனச் சோலை நகரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடி வாடினால் தண்ணீர் ஊற்றத்தான் எல்லோருக்கும் தோன்றும். பாலைவனச் சோலை நகரங்களில் பெரிய தவறே அங்கேதான் தொடங்குகிறது.

அல்ஜீரியாவின் எல் வூத் நகரைச் சுற்றி ‘கூத்’ என்ற பள்ளங்கள் உண்டு. மணலை ஆழமாகத் தோண்டி, நிலத்தடி நீருக்கு வேர் எட்டும்படி பேரீச்சை நடுவார்கள். அப்புறம் யாரும் நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. நகரம் வளர்ந்ததும் ஆழ்துளைக் கிணறுகளில் இருந்து தாராளமாக நீர் இறைத்தார்கள். கழிவுநீர் வெளியேறச் சரியான வழி செய்யவில்லை. அது மணலுக்குள் இறங்கி மேல்மட்ட நிலத்தடி நீரை உயர்த்தியது. பள்ளத்தில் நின்ற பேரீச்சைகள் வேர் மூழ்கிச் செத்தன. சஹாராவில் நீரில் மூழ்கிச் செத்த மரங்கள்! எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வடிகால் இல்லாமல் நீர் பாய்ச்சினால் உப்பும் சேரும். சொட்டுநீர்க் குழாயைச் சுற்றி மண் காய்ந்ததும் வெள்ளையாக ஒரு வளையம் படிகிறதா, பாருங்கள். நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். எகிப்தின் சீவா சோலையில் நிலம் உவரானதும் இப்படித்தான்.

அடுத்து, செடி வகைகளை எண்ணி மகிழ்வது. நகர மையத்தில் எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கலாம். ஆனால் அதில் பாதி அலங்காரச் செடியும், மிதிபட்ட மண்ணில் முளைக்கும் களையுமாக இருந்தால் என்ன பயன்? சோலைக்கே உரிய செடிகள் எத்தனை என்று தனியாக எண்ண வேண்டும். ஓரத்தில் வளரும் ஒட்டக முள்ளையும் நாணலையும் குப்பை என்று வழிக்கவும் கூடாது. மணலைப் பிடித்து வைப்பவை அவைதான். சீக்கிரம் பச்சை வேண்டும் என்று சீமைக் கருவேலத்தை நட்டால், பிறகு அதை அகற்றுவது பெரும்பாடு. ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரமான வன்னி மெதுவாகத்தான் வளரும், ஆனால் அந்த மண்ணுக்குப் பழகியது.

கடைசியாக, கிழ மரம் நிற்கிறதே என்று நிம்மதி அடைவது. சீனாவின் தாரிம் ஆற்றில் 1970களில் நீரைத் தடுத்த பிறகு, கீழ்ப்பகுதியில் 300 கி.மீ.க்கு மேல் வறண்டது. கரையோரப் பாப்லர் மரங்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. ஆனால் அவற்றின் விதை முளைக்க வெள்ளம் வந்துபோன ஈரமண் வேண்டும். 2000இல் தொடங்கி நீர் திறந்துவிட்டபோது ஆற்றை ஒட்டிய மரங்கள் துளிர்த்தன. தள்ளி நின்றவற்றுக்கு அவ்வளவாகப் பலன் இல்லை. அதனால் மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன், அதன் அடியில் குனிந்து கன்று இருக்கிறதா என்று பாருங்கள்.