முதியோர் வண்டிச் சேவைக்கு அமெரிக்க அரசின் பணம்: பிரிவு 5310-ஐ முறையாகக் கேட்டுப் பெறுவது எப்படி

பிள்ளைகளோடு அமெரிக்கப் புறநகர்களில் தங்கியிருக்கும் அப்பா அம்மாக்களுக்குப் பெரும் சிறை வீட்டு வாசல்தான். கார் ஓட்ட வராது. பேருந்து நிறுத்தம் நடக்கிற தூரத்தில் இருக்காது. பல் மருத்துவர், நூலகம், கோவில் என எங்கே போக வேண்டுமென்றாலும் மகனோ மருமகளோ வேலை முடிந்து வர வேண்டும். இதைப் பார்த்துத் தமிழ்ச் சங்கமோ கோவில் குழுவோ கூடிப் பேசும்போது முதலில் எழும் யோசனை, 'ஒரு வேன் வாங்கிவிடலாம்.' பெரும்பாலான சிறு அமைப்புகளுக்கு அது தவறான முதல் அடி. ஏன் என்பது, அரசு எந்தச் செலவுக்கு எவ்வளவு பங்கு தருகிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும்.

இதற்கான முதன்மையான பணம், ஃபெடரல் போக்குவரத்துத் துறையின் கீழ் பொதுப் போக்குவரத்தைக் கவனிக்கும் எஃப்டிஏ என்ற நிர்வாகம் வழங்கும் பிரிவு 5310 மானியம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது. இங்கே முதியவர் என்றால் 65 வயது நிறைந்தவர். பழைய ஆவணங்களில் 'நியூ ஃப்ரீடம்' என்ற தனித் திட்டத்தைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 2012 சட்டம் அதை இதற்குள் சேர்த்துவிட்டது.

பணம் யார் கையில்?

எஃப்டிஏ உங்கள் சங்கத்துக்கு நேரடியாகப் பணம் தராது. மொத்த ஒதுக்கீட்டில் 60 சதவீதம், 2 லட்சம் மக்கள்தொகையும் அதற்கு மேலும் உள்ள பெருநகரப் பகுதிகளுக்கு. 50,000 முதல் 2 லட்சத்துக்குள் உள்ள நகரப் பகுதிகளுக்கு 20 சதவீதம். மீதி 20 சதவீதம் கிராமப் பகுதிகளுக்கு. சிறு நகரம், கிராமம் என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையிடமோ மாநிலம் அதற்கென நியமித்த நிறுவனத்திடமோ கேட்க வேண்டும். பெருநகரப் பகுதி என்றால் 'நியமிக்கப்பட்ட பெறுநர்' ஒருவர் இருப்பார். அது வட்டாரத் திட்டக்குழுவாக இருக்கலாம், பேருந்து நிறுவனமாக இருக்கலாம், சில இடங்களில் மாநில அரசேயாகவும் இருக்கலாம். எல்லைக் கோடு ஊர் பெயரைப் பார்த்துப் போவதில்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைந்த நகரப் பகுதி வரைபடத்தைப் பார்த்துப் போகிறது. நீங்கள் ஏற்றப்போகும் முதியோர் எந்தக் கோட்டுக்குள் வசிக்கிறார்கள் என்று அந்த வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் தகுதிப் பரிசீலனைக்கே போகாது.

அடுத்து, ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்டம் என்ற ஆவணம். முதியோர், மாற்றுத்திறனாளிகள், சேவை அமைப்புகள், பொதுமக்கள் எல்லாரும் பங்கேற்று உள்ளூரில் உருவாக்கியது. 5310 பணம் பெறும் ஒவ்வொரு திட்டமும் இதில் இடம்பெற்றிருக்க வேண்டும். அதற்காக உங்கள் சங்கத்தின் பெயர் அதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பதில்லை. 'மாலை நேர மருத்துவப் பயணங்களுக்கு வண்டி இல்லை' என்பது போன்ற ஒரு குறை அதில் பதிவாகியிருந்து, உங்கள் சேவை அதைத் தீர்த்தால் போதும். விண்ணப்பத்தில் அந்தப் பக்க எண்ணைச் சொல்லி, அந்த வாசகத்தையே எடுத்துப் போடுங்கள். உங்கள் தேவை அதில் இல்லவே இல்லை என்றால், திட்டத்தைப் புதுப்பிக்கும் கூட்டத்துக்கு நாலு முதியோரை அழைத்துக்கொண்டு போய்ப் பதியவைப்பதுதான் வழி. ஒரு வருடம் போய்விடும்தான். இதைத் தாண்டிச் செல்லக் குறுக்கு வழி கிடையாது.

காகிதங்கள்

லாப நோக்கற்ற அமைப்பு என்பதற்கு வருமானவரித் துறையின் 501-சி-3 கடிதம், மாநிலப் பதிவு, முந்தைய ஆண்டுகளின் கணக்கு, குழுவின் தீர்மானம். இவற்றோடு யூஇஐ என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறி. அதை அரசின் சாம் டாட் கவ் தளத்தில் இலவசமாகப் பெறலாம். 'பதிவு செய்து தருகிறோம், கட்டணம் இவ்வளவு' என்று அரசு முத்திரை போன்ற படத்தோடு வரும் மின்னஞ்சலுக்குப் பணம் கட்டாதீர்கள். இங்கே அடிக்கடி சிக்குவது பெயரும் முகவரியும். பதிவுச் சான்றிதழில் 'இன்க்' என்று முடியும் பெயர் வங்கிக் கணக்கில் அது இல்லாமல் இருக்கும். செயலாளர் மாறியதும் முகவரியும் மாறியிருக்கும். பெயரும் முகவரியும் எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

எந்தச் செலவு எந்தக் கணக்கில்?

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். ஃபெடரல் பங்கு இயக்கச் செலவுக்கு அதிகபட்சம் 50 சதவீதம், மூலதனச் செலவுக்கு 80 சதவீதம். ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் தரத்தில் சக்கர நாற்காலி வசதியுள்ள வண்டி வாங்கினால் 85 சதவீதம் வரை போகலாம். ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், காப்பீடு ஆகியவை இயக்கச் செலவு.

மூலதனம் என்றால் வண்டி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். 5310-இல், ஒரு டாக்சி நிறுவனத்திடமோ சக்கர நாற்காலி வேன் நிறுவனத்திடமோ ஒப்பந்தம் போட்டுப் பயணங்களை விலைக்கு வாங்குவதும் மூலதனச் செலவே. வண்டிகளின் தடுப்புப் பராமரிப்பும் அப்படியே. யாருக்கு எந்தச் சேவை பொருந்தும் என்று பார்த்து ஏற்பாடு செய்து தரும் ஒருங்கிணைப்பாளர் பணியும் மூலதனம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சொந்த வேனை ஓட்ட ஆண்டுக்கு 60,000 டாலர் ஆகிறது, பயணிகளிடம் கட்டணமாக 6,000 டாலர் வருகிறது என்று வையுங்கள். முதலில் கட்டணத்தைக் கழிக்க வேண்டும்: நிகரச் செலவு 54,000. அதில் பாதியான 27,000 ஃபெடரல் பங்கு, மீதி 27,000 நம் பங்கு. அதே 54,000 டாலருக்குப் பயணங்களை ஒப்பந்தத்தில் வாங்கினால் ஃபெடரல் பங்கு 43,200 வரை கிடைக்கலாம். நம் பங்கு 10,800. அதே முதியவரை அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற செலவில் நம் கையை விட்டுப் போவது 16,200 டாலர் குறைகிறது. ஓட்டுநர் விடுப்பு, டயர், காப்பீட்டு உயர்வு ஆகிய தலைவலிகளும் ஒப்பந்தக்காரரோடு போய்விடும். வேன் யோசனையைத் தள்ளிவைக்கச் சொல்வது இதனால்தான்.

இவை உச்ச வரம்புகள். உங்கள் பகுதியின் பெறுநர் குறைவான பங்கும் நிர்ணயிக்கலாம், சில வகைச் செலவுக்கு அந்த ஆண்டு விண்ணப்ப அழைப்பே விடாமலும் போகலாம். ஒவ்வொரு பகுதியின் ஒதுக்கீட்டிலும் குறைந்தது 55 சதவீதம் மேலே சொன்ன 'மரபான' மூலதனத் திட்டங்களுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். இயக்கச் செலவுக்கு, தன்னார்வ ஓட்டுநர் திட்டங்கள் உட்பட, மிஞ்சும் 45 சதவீதத்துக்குள்தான் போட்டி. அழைப்பு அறிவிப்பில் இந்த இரண்டு பெட்டிகளில் எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திட்டத்தை வடிவமையுங்கள்.

நம் பங்கை எங்கிருந்து காட்டுவது?

பயணிகளின் கட்டணத்தை நம் பங்காகக் காட்ட முடியாது. விண்ணப்பங்களில் அடிக்கடி வரும் பிழை இது: 60,000-இல் பாதி 30,000 என்று கேட்டுவிட்டு, வந்த 6,000-ஐயும் நம் பங்கு வரிசையில் எழுதிவிடுவார்கள். அங்கேயே வரவுசெலவு முழுதும் நம்பிக்கை இழந்துவிடும்.

காட்டக்கூடியவை: நன்கொடை, நகராட்சியோ கவுண்டியோ மாநிலமோ தரும் பணம், சேவை ஒப்பந்த வருமானம், ஆவணம் உள்ள பொருளுதவியும் உழைப்பும். இவற்றோடு, போக்குவரத்துத் துறை அல்லாத பிற ஃபெடரல் பணமும் செல்லும். ஒரு ஃபெடரல் பணத்துக்கு இன்னொன்றை ஈடாகக் காட்டலாமா என்று பலர் தயங்குகிறார்கள். 5310-இல் தாராளமாகக் காட்டலாம். ஆனால் ஒரே டாலரை இரண்டு மானியங்களுக்கு ஈடாகக் காட்டக் கூடாது.

அப்படி முதலில் தட்ட வேண்டிய கதவு உங்கள் வட்டார முதியோர் முகமை. 1965-இல் வந்த மூத்த அமெரிக்கர் சட்டத்தின் பணம் அவர்கள் வழியாகத்தான் போக்குவரத்துக்கும் வருகிறது. அங்கே வயது வரம்பு 60. வருமானச் சான்று கேட்கக் கூடாது. பயணி மனமுவந்து தருவதை வாங்கலாம், தராதவரை ஏற்றாமல் விடக் கூடாது, யார் எவ்வளவு தந்தார் என்பது வெளியே தெரியக் கூடாது. கோவில் உண்டியல் மாதிரி மூடிய பெட்டி ஒன்று வண்டிக்குள் இருந்தால் போதும். ஓட்டுநர் கை நீட்டி வாங்கினால் விதி மீறல்.

மாநிலப் பணம் இடத்துக்கு இடம் மாறும். பென்சில்வேனியாவில் 65 வயதானவர்களின் பகிர்வுப் பயணக் கட்டணத்தில் 85 சதவீதத்தை மாநில லாட்டரி வருமானம் ஏற்கிறது. நியூ ஜெர்சியில் சூதாட்ட விடுதிகளின் வரியிலிருந்து கவுண்டிகளின் முதியோர் வண்டிகளுக்குப் பணம் போகிறது. உங்கள் கவுண்டி ஏற்கெனவே வண்டி ஓட்டுகிறது என்றால், அவர்கள் போகாத நேரத்தையும் இடத்தையும் மட்டும் நிரப்பும் திட்டமாக எழுதுங்கள். அதே பாதையில் இரண்டாவது வண்டி விடுவதாக எழுதினால் மதிப்பெண் விழாது.

தன்னார்வலர் நேரத்தை நம் பங்காகக் காட்ட, உள்ளூரில் அந்த வேலைக்குத் தரும் சாதாரணக் கூலியில் மணிக்கணக்கு மதிப்பிட வேண்டும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கையெழுத்து மூன்றும் இல்லாத மணி கணக்கில் சேராது. தங்கள் காரை ஓட்டும் தன்னார்வலருக்கு மைலுக்கு இவ்வளவு என்று தருவதானால் 14 சென்ட்டை நினைவில் வையுங்கள். தொண்டுப் பயணத்துக்கு வரிச் சட்டம் நிர்ணயித்த அளவு அது. அதற்கு மேல் தருவது அவருக்கு வரிக்குரிய வருமானம் ஆகலாம். தன்னார்வலர்களைப் பாதுகாக்கும் 1997 ஃபெடரல் சட்டம் வாகன விபத்துக்குப் பொருந்தாது. ஆகவே ஓட்டுநரின் சொந்தக் காப்பீட்டுக்கு மேல் அமைப்பின் பெயரில் கூடுதல் காப்பீடு எடுத்த பிறகே முதல் பயணம்.

யாரை ஏற்றலாம்?

மொழி, மதம், இனம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. 'சங்க உறுப்பினர்களின் பெற்றோருக்கு மட்டும்' என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்தாலே சிக்கல். தமிழ் பேசும் உதவியாளரை வைக்கலாம், தமிழிலும் துண்டுப்பிரசுரம் அடிக்கலாம். கதவு மட்டும் பக்கத்துத் தெருவில் இருக்கும் போலிஷ் பாட்டிக்கும் திறந்திருக்க வேண்டும். அவரும் அதே வாசலுக்குள் அடைந்துகிடப்பவர்தான்.

சக்கர நாற்காலிப் பயணியை 'எங்களிடம் அந்த வசதி இல்லை' என்று திருப்ப முடியாது. உங்கள் வண்டியில் வசதி இல்லையென்றால் அதே கட்டணம், அதே நேரம், அதே காத்திருப்பு என்ற அளவில் வேறு வண்டிக்கு ஏற்பாடு இருக்க வேண்டும். ஏற்றுமேடை உள்ள வண்டியில், நாற்காலி இல்லாவிட்டாலும் படி ஏற முடியாத மாற்றுத்திறனாளி கேட்டால் நின்றபடியே மேடையில் ஏற்ற வேண்டும். முழங்கால் தேய்ந்த நம் அம்மாக்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஓட்டுநரே கேட்கப் பழக்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வேன்தான் என்றால்

ஓட்டுநரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ அமரும் வண்டி என்றால் ஓட்டுநருக்கு வணிக உரிமம் வேண்டும், அதோடு போதை மருந்துப் பரிசோதனை விதிகளும் வந்துவிடும். 15-க்குள் நிறுத்திக்கொள்வது சிறு அமைப்புக்கு நல்லது. வாங்கும் முறையும் ஃபெடரல் விதிப்படிதான். குழுத் தலைவரின் மைத்துனர் கடையில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கினால் மொத்தத் தொகையும் கைவிட்டுப் போகும். பல மாநிலங்கள் தாங்களே விலை பேசி வைத்திருக்கும் ஒப்பந்தம் உண்டு, அதில் வாங்குங்கள். பயன்பாட்டுக் காலம் முடியும்வரை வண்டியில் அரசுக்குப் பங்கு உண்டு, உரிமைப் பத்திரத்தில் மாநிலத்தின் பெயரும் ஏறியிருக்கலாம். கேட்காமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதும் கூடாது. வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் வீட்டோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். பயணிகளின் சேவை அதனால் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

கிடைத்த பிறகு

பணம் முன்கூட்டி வராது. செலவு செய்து, ரசீது காட்டி, பிறகு வாங்க வேண்டும். மூன்று நாலு மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு இல்லாமல் தொடங்கினால், மானியம் கிடைத்தும் ஓட்டுநருக்குச் சம்பளம் தர முடியாத நிலை வரும். ஒப்பந்தத்தில் குறித்த தொடக்க நாளுக்கு முன் செய்த செலவு திரும்ப வராது. உற்சாகத்தில் முதல் வாரமே காப்பீடு கட்டிவிடாதீர்கள்.

தினப் பதிவுத் தாளில் நாள், ஓட்டுநர் பெயர், கிளம்பும்போதும் திரும்பும்போதும் மைல்மானி எண், ஒவ்வொரு பயணியும் ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், நாற்காலி உண்டா, உடன் உதவியாளர் உண்டா, வராமல் போனவர் யார் என்ற கட்டங்கள் இருக்கட்டும். எண்ணும் அலகு ஒருவழிப் பயணம். ஒரு பாட்டியை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வீட்டுக்குக் கூட்டிவந்தால் அது 2. இதை 1 என்று எழுதி, ஒரு பயணத்துக்கான செலவு இரட்டிப்பாகத் தெரிந்து, மறு ஆண்டு விண்ணப்பத்தில் சரியும் அமைப்புகள் உண்டு. தாளை அன்றன்றே நிரப்ப வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவால் முப்பது நாளையும் நிரப்பிய தாளைத் தணிக்கையாளர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட் பணம் கொடுத்த பயணத்தை அதே செலவுக்கு 5310 கணக்கிலும் கேட்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் கொடுப்பது யார் என்ற கட்டம் ஒன்றையும் தாளில் சேர்த்துவிடுங்கள். கடைசிச் செலவு அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் இந்தத் தாள்களும் ரசீதுகளும் பத்திரமாக இருக்க வேண்டும். வண்டி வாங்கிய பத்திரங்களுக்கு, வண்டியைக் கழித்துக்கட்டிய நாளிலிருந்துதான் அந்த 3 ஆண்டுகள் தொடங்கும். செயலாளர் மாறும்போது அவர் வீட்டு கராஜில் தங்கிவிடாமல், அமைப்பின் பெயரில் உள்ள ஒரே இடத்தில் வைத்து, சாவியைக் கணக்கோடு கைமாற்றுங்கள்.