வீட்டைப் பார்க்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

முருங்கை மரம் தெரிந்த அந்தச் சமையலறை ஜன்னல் இன்னமும் என் கண்ணிலேயே நிற்கிறது. சென்னையில் தாம்பரம் பக்கத்துச் சேலையூரில், இரண்டாவது மாடி. காலைப் பத்து மணி வெயில் அடுப்பு மேடையில் விழுந்திருந்தது. பதினோரு ஆண்டுகளாக, ஐந்து வாடகை வீடுகளில், பகலிலும் விளக்குப் போட்டுச் சமைத்தவள் நான். அந்த வெளிச்சத்தைப் பார்த்த அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் ரூபாய் டோக்கன், அதாவது முன்பணம், கொடுத்துவிட்டோம். அந்தப் பணம் முழுதாகத் திரும்பி வர ஏழு மாதங்கள் ஆயின.

குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. 2022 தொடங்கி இரண்டு ஆண்டுகள் அலைந்து, 23 வீடுகள் பார்த்து, கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கினோம். அந்த அலைச்சலில் முக்கால்வாசி, வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால் வந்தது. வீட்டைப் பார்த்தோம், மனம் பறிகொடுத்தோம், பணத்தைக் கொடுத்தோம், அதற்குப் பிறகு பத்திரத்தைக் கேட்டோம். இதை அப்படியே திருப்பிப் போட்டுச் செய்யுங்கள். பத்திர நகலை அனுப்பாதவரின் வீட்டுப் படியேறாதீர்கள். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சீட்டைப் படிக்காமல் நான் மாத்திரையை எடுத்து நீட்டுவதில்லை. என் வாழ்நாளின் மிகப் பெரிய செலவுக்கு அந்தப் பழக்கத்தைக் கடைப்பிடிக்காமல் போனது இன்றும் மனதை அறுக்கிறது.

கையில் எவ்வளவு வேண்டும்

முதலில் வங்கிக்குப் போங்கள், தரகரிடம் பிறகு போகலாம். உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் தரலாம். பத்திரப்பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எங்கள் வீட்டின் விலை 48 லட்சம். வங்கி கொடுத்தது 38 லட்சத்து 40 ஆயிரம். மீதி 9 லட்சத்து 60 ஆயிரம் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நகைச்சீட்டும் வைப்புநிதியும் சேர்த்து வைத்திருந்தோம். தமிழ்நாட்டில் கைமாறும் பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கே 4 லட்சத்து 32 ஆயிரம் போயிற்று. தரகருக்கு 48 ஆயிரம். வழக்கறிஞர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வங்கியிடம் ஆவணங்களை ஒப்படைப்பதற்கான தனிப் பதிவு, வெள்ளையடிப்பு, பழைய மின்கம்பிகளை மாற்றியது எல்லாம் சேர்ந்து எங்கள் கையிலிருந்து இறங்கியது 16 லட்சத்தைத் தொட்டது. வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில் இல்லாமல் தேடத் தொடங்காதீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

மாதத் தவணையையும் பிரித்துப் பாருங்கள். 38 லட்சத்து 40 ஆயிரத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகள் என்றால் மாதம் சுமார் 33,300 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 27,200. அசலில் கழிவது ஆறாயிரத்துச் சொச்சம். 20 ஆண்டுகளில் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 80 லட்சம் கட்டியிருப்போம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் மாறும் வட்டிக் கடனில் தனிநபர்கள் முன்கூட்டியே பணம் கட்டினால் அபராதம் கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தொடக்க ஆண்டுகளில் கட்டும் ஒவ்வொரு ஐம்பதாயிரமும் கடைசியில் பல தவணைகளைக் குறைக்கும். எங்கள் போனஸ் பணம் இப்போது அப்படித்தான் போகிறது.

பத்து லட்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள், பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று மூன்று பேர் எங்களிடம் கேட்டார்கள். மூன்று இடங்களிலும் எழுந்து வந்துவிட்டோம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. குறைத்துக் காட்டிய விலைக்குத்தான் வங்கியும் கடன் தரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் கூடுதலாகத் தெரிந்து வரியும் உங்கள் தலையில் விழும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. அதை விற்பவரிடம் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வில்லங்கச் சான்று சொல்லாதது

தாய்ப்பத்திரம் எனப்படும் ஆதிப் பத்திரம், இடையில் கைமாறிய பத்திரங்கள், விற்பவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்குச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றை, பதிவுத்துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வீட்டு எண்ணை மட்டும் போடாமல் சர்வே எண்ணைப் போட்டுத் தேடுங்கள். மொத்த நிலத்தின் மீது அடமானம் இருந்தால் அப்போதுதான் தெரியும்.

சேலையூரில் டோக்கன் கொடுக்கும் முன் நான் பார்த்தது வில்லங்கச் சான்றை மட்டும்தான். மூன்றே வரிகள், அடமானம் ஏதுமில்லை. "சுத்தமான சொத்து மேடம், நாளைக்கு இன்னொருவர் டோக்கன் போட வருகிறார்" என்றார் தரகர். நம்பினேன். ஐந்து வாரம் கழித்து வங்கியின் வழக்கறிஞர் கோப்பைத் திருப்பி அனுப்பினார். வீடு விற்பவரின் அப்பா பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தார். வாரிசுச் சான்றில் மகனோடு இரண்டு மகள்களின் பெயர்களும் இருந்தன. தம்பி வீட்டை விற்கிறார் என்பதே அந்த அக்காமார்களுக்குத் தெரியாது. மூத்தவர் என்னிடம் போனில், "எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையம்மா, நீங்களாவது கேட்டிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே இதை நன்றாக மனதில் வையுங்கள். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டும்தான் காட்டும். மரணத்தைக் காட்டாது. பதிவு செய்யாத உயிலைக் காட்டாது. நீதிமன்றத்தில் கிடக்கும் பாகப்பிரிவினை வழக்கு அதில் இல்லாமலே போகலாம். பத்திரத்தில் உள்ள பெயரும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெயரும் வேறாக இருந்தால், உடனே இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் அவர் சொந்தமாக வாங்கிய சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. திருமணமாகிப் போன மகளின் பங்கு போய்விடாது. அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும்.

பொது அதிகாரப் பத்திரத்தை (பவர் பத்திரம்) வைத்துக்கொண்டு நானே உரிமையாளர் என்பவரிடம் வாங்காதீர்கள். அந்த வகைப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. உரிமையாளருக்காக முகவர் விற்கிறார் என்றால், அதிகாரம் கொடுத்தவரோடு நீங்களே பேசுங்கள். அவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்தது. விற்பவருக்கு வங்கிக் கடன் இருந்தால் பயப்பட வேண்டாம். அது வில்லங்கச் சான்றில் தெரியும், உங்கள் வங்கி நேரடியாக அந்த வங்கிக்குப் பணம் கட்டி மூலப்பத்திரங்களை வாங்கும். வாரக்கணக்கில் தாமதமாகும், அவ்வளவுதான்.

அடுக்குமாடியில் இன்னொன்று, பிரிக்கப்படாத நிலப்பங்கு. கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு அது. கட்டடம் பழையதாகி இடிக்கும் நாளில் உங்களுக்கு மிஞ்சுவது அந்த நிலம்தான். எங்கள் வீட்டில் 410 சதுர அடி என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தது. பல இடங்களில் எல்லா வீட்டுக்காரர்களின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலத்தைவிட அதிகமாக வரும். கூட்டிப் பாருங்கள்.

வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார், நமக்கு எதற்குத் தனி வழக்கறிஞர் என்று பலர் கேட்கிறார்கள். அவர் வங்கியின் பணத்துக்குக் காவல். உங்கள் சேமிப்புக்குக் காவல் இருப்பவரை நீங்கள்தான் நியமிக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற காரியம். டோக்கனுக்கு முன்பே செய்யுங்கள்.

புது வீடாக இருந்தால் வேலை கொஞ்சம் மாறும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டுகிறவர்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தே விற்க வேண்டும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டி முடிக்காத வீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம், மலிவு விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம், கட்டி முடிந்ததற்கான முடிவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இல்லை. 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்குத் தீர்வை குறைவு. 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி.

இப்போது வீட்டைப் பாருங்கள்

டேப் எடுத்துப் போங்கள். விளம்பரத்தில் 950 சதுர அடி என்றிருந்த எங்கள் வீட்டை நானும் மகளும் அளந்தோம். அவள் சுவரோரம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எண்களைக் கத்த, நான் நோட்டில் எழுதினேன். சுவருக்குள்ளே 690 சதுர அடிதான் இருந்தது. படிக்கட்டும் தாழ்வாரமும் மொட்டை மாடி அறையும் மீதிக் கணக்கில் இருந்தன. விலையைப் பேசும்போது அந்த நோட்டை மேஜையில் வைத்தேன். ஒன்றே முக்கால் லட்சம் குறைந்து 48-க்கு வந்தது.

தாம்பரம் பக்கம் வாங்குகிறவர்கள் 2015 டிசம்பரை மறந்துவிட்டு வாங்கக் கூடாது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் நின்ற நாட்கள் அவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் நின்றன. தரைத்தளத்தில் மின்மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புதிதாக உயர்த்திப் பொருத்தியிருந்தால் காரணம் கேளுங்கள். லிப்ட் குழியை எட்டிப் பாருங்கள். விற்பவர் சொல்வதைவிட, தெருமுனையில் இஸ்திரி போடுபவர் சொல்வது எனக்கு உதவியது. எங்கள் தெருவில் அவர் தன் இடுப்பைத் தொட்டு, "இதுவரை கீழ்த் தெருவில். உங்கள் பக்கம் வாசற்படி வரை" என்றார். அதை நம்பித்தான் முதல் மாடியைத் தேர்ந்தெடுத்தோம்.

காலை ஆறு மணிக்கு ஒரு முறை போங்கள். தண்ணீர் லாரி வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை, ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகிறதா என்று அங்கே குடம் எடுக்கிற பெண்களிடம் கேளுங்கள். வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தில் பராமரிப்புப் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

முன்பணமும் பதிவும்

இரண்டாம் முறை நாங்கள் கொடுத்தது ஐம்பதாயிரம் மட்டும், அதுவும் வங்கி வழியாக. கிரய ஒப்பந்தத்தில் என் வழக்கறிஞர் ஒரு வரி சேர்த்தார்: "ஆவணக் குறைபாட்டால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்." சேலையூரில் அந்த வரி இருந்திருந்தால் ஏழு மாதங்கள் நான் ஒருவர் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை. நான்கு தவணைகளில் கொடுத்தார்கள். கடைசி இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு கீழே இறங்கும்போது அந்த முருங்கை பூத்திருந்தது.

பதிவுக்கு முந்தைய நாள் வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்துப் பாருங்கள். பத்திர வரைவில் உங்கள் பெயர், ஆதாரில் உள்ள எழுத்து, கதவு எண், நான்கு எல்லைகள், நிலப்பங்கு ஆகியவற்றை ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். எங்கள் வரைவில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தன. பதிவான பிறகென்றால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதி விற்பவரை மீண்டும் அழைத்து வர வேண்டியிருக்கும். சாட்சிகள் இருவரும் அடையாள அட்டையோடு வர வேண்டும். அன்று விடுப்பை முழுநாளாகவே எடுத்துவிடுங்கள்.

சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றின் பெயர்மாற்றத்தை அந்த மாதமே முடியுங்கள், விற்பவர் போன் எடுக்கும் காலம் அதுதான். எங்களுக்குப் பதிவாகிப் பத்து நாள் கழித்து, கடையில் கூட்டம் ஓய்ந்த மதிய நேரத்தில், கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி அதே சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்றை இறக்கினேன். கடைசி வரியில், வாங்கியவர் என்ற கட்டத்தில், முதலில் என் பெயர், அதன் கீழே என் கணவர் பெயர். அதை அச்செடுத்து ஒரு பிரதியை அவருடைய சாப்பாட்டுப் பையில் வைத்தேன். அன்று அவருக்கு இரவு ஷிப்ட்.