சிக்கல்வழிக் கற்றல்: ஆசிரியர் நேரத்தைக் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்வியில் தொடங்கிவைத்த சிக்கல்வழிக் கற்றலை, அதாவது மாணவர்கள் சிறு குழுக்களாக ஒரு நோயாளியின் சிக்கலை விவாதித்துத் தாங்களே கற்கும் முறையை, பின்பற்ற முன்வரும் கல்லூரிகள், விரிவுரைகள் குறைவதால் ஆசிரியர்களின் வேலையும் குறையும் என்று நம்பிவிடுவது மிகப் பெரிய தவறு. நூறு மாணவர்களுக்கு ஒரு மணி நேர விரிவுரை நடத்த ஓர் ஆசிரியர் போதும். அதே நூறு பேரை எட்டெட்டுப் பேராகப் பிரித்தால் 13 குழுக்கள் அமையும்; ஒரு நோயாளியின் சிக்கலை இரண்டு மணி நேர அமர்வுகள் இரண்டில் விவாதிப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு சிக்கலுக்கே ஆசிரியர்களின் நேரம் 52 மணியாகிவிடும்.

இந்தக் கணக்கைப் போடுபவர்கள்கூட அமர்வுக்கு வெளியே செலவாகும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். மூச்சுத்திணறலோடு வரும் ஒரு முதியவரைப் பற்றிய சிக்கலை எழுதுவதாக இருந்தால், இதயச் செயலிழப்பின் உடலியங்கியலும் நோய்க்குறியியலும் மருந்தியலும் அதில் இயல்பாக வெளிப்பட வேண்டும். மார்பு எக்ஸ்ரே, இசிஜி, இரத்தப் பரிசோதனை அளவுகள் ஆகியவை ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும். பல துறையினர் கூடிப் பலமுறை திருத்தினால்தான் இது கைகூடும். அதன் பிறகும் குழு விவாதத்தை நெறிப்படுத்தும் ஆசிரியரான வழிநடத்துநருக்குக் கையேடு எழுதுவது, வழிநடத்துநர்களுக்குப் பயிற்சி அளிப்பது, ஒவ்வொரு மாணவருக்கும் பின்னூட்டம் தருவது என வேலை தொடர்கிறது. மூத்த மாணவர்களிடமிருந்து விடை இளையவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதால், எழுதிய சிக்கலை அப்படியே ஆண்டுதோறும் பயன்படுத்தவும் முடியாது.

பழைய விரிவுரைகளில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் குழு அமர்வுகளைக் கூடுதலாகச் சேர்ப்பதும், புறநோயாளிப் பிரிவில் பணியிலிருக்கும் மருத்துவரையே அதே நேரத்தில் வழிநடத்துநராக நியமிப்பதும் அடிக்கடி நடக்கின்றன. தயாரிப்புக்கு நேரமில்லாமல் வருபவர், விவாதம் தடுமாறும்போது கேள்வி கேட்டுத் திருப்பிவிடுவதை விட்டுத் தானே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். அவரைக் குறை சொல்வது நியாயமாகாது என்றே கருதுகிறேன். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க இரண்டு குழுக்களை ஒன்றாக்கினால், பேசத் தயங்கும் மாணவர் கடைசிவரை வாய் திறக்காமலே இருந்துவிட முடியும்.

ஆகவே எல்லாப் பாடங்களையும் ஒரே ஆண்டில் மாற்றாமல், கைவசமுள்ள ஆசிரியர் மணிநேரத்துக்கு ஏற்ப ஓரிரு பாடப்பகுதிகளில் தொடங்குவது நல்லது. வழிநடத்தும் நேரமும் சிக்கல் எழுதும் நேரமும் பணிச்சுமைப் பதிவேட்டில் இடம்பெறுவதோடு, பதவி உயர்வின்போது ஆய்வுக் கட்டுரைகளுடன் சேர்த்து மதிப்பிடப்படவும் வேண்டும்; இந்த ஏற்பாட்டை முதல் அமர்வுக்கு முன்பே நிர்வாகம் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.